சென்னையிலிருந்து அந்தமான் எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்?

"மதுரை எவ்வளவு தூரம்?" என்று சென்னையில் கேட்டுப் பாருங்கள். ஒருவர் "460 கிலோமீட்டர்" என்பார். இன்னொருவர் "ஒரு ராத்திரிப் பயணம்" என்பார். இரண்டு பதிலும் சரிதான். முதலில் பேசியவர் தூரத்தைச் சொன்னார். அடுத்தவர் நேரத்தைச் சொன்னார்.

"அந்தமான் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாலும் இப்படித்தான். கப்பலில் போய் வந்தவர் "மூன்று நாள்" என்பார். விமானத்தில் போய் வந்தவர் "இரண்டேகால் மணி நேரம்" என்பார். இரண்டு பேரும் கடந்தது ஒரே கடலைத்தான். பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

இதைத் தெரிந்துகொள்ள மூன்று சொற்கள் போதும். தூரம், வேகம், நேரம். இந்த மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். வகுத்தலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

இரண்டு ஊர்கள், நடுவே ஒரு கடல்

சென்னை வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில் இருக்கிறது. அந்தமான் நிக்கோபார் தீவுகள் அதே கடலின் கிழக்குப் பக்கம் இருக்கின்றன. படத்தைப் பார்த்தால் ஒன்று தெரியும். இந்தத் தீவுகள் இந்தியாவைச் சேர்ந்தவை. ஆனால் சென்னையைவிட மியான்மர் நாடுதான் அவற்றுக்குப் பக்கம். மியான்மரின் பழைய பெயர் பர்மா.

தீவுகளின் தலைநகரம் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் மத்திய அரசு இதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியது. பழகிய பழைய பெயரே இந்தக் கட்டுரையில் வருகிறது.

தீவுகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. ராமநாதபுரம், திருநெல்வேலி போன்ற ஊர்களிலிருந்து வேலை தேடிப் போனவர்கள் உண்டு. பர்மாவிலிருந்து வந்தவர்கள் உண்டு. 1964ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதற்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் சிலர் கச்சால் தீவின் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியேற்றப்பட்டார்கள்.

இவர்களுக்குத் தாய் தகப்பன் ஓர் ஊரில் இருப்பார்கள். பிள்ளைகள் இன்னோர் ஊரில் இருப்பார்கள். கல்யாணம், காதுகுத்து, சாவு, வைத்தியம், படிப்பு என்று எதற்கும் கடல் தாண்ட வேண்டும். தீவில் இருப்பவர்கள் இந்தப் பக்கத்தை "மெயின்லேண்ட்" என்பார்கள். மெயின்லேண்டுக்குப் போக எத்தனை மணி நேரம் ஆகும் என்பது அவர்களுக்கு வெறும் கணக்கு இல்லை. அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியுமா என்ற கேள்வி அது.

தூரத்தில் பல வகை

ஒரே இரண்டு ஊர்களுக்கு இடையே பல தூரங்கள் இருக்கலாம். சென்னைக்கும் மதுரைக்கும் சாலை வழியாகச் சுமார் 460 கிலோமீட்டர். ரயில் பாதை வழியாகச் சுமார் 490 கிலோமீட்டர். வான் வழியாக நேராக அளந்தால் சுமார் 420 கிலோமீட்டர்தான்.

ஏன் இப்படி? சாலை ஆற்றைச் சுற்றும். மலையைச் சுற்றும். ஊர்களைத் தொட்டுப் போகும். ரயில் பாதையும் வளைந்து போகும். பறவை நேராகப் பறக்கும். அப்படி நேராக அளக்கும் தூரத்தை வான்வழித் தூரம் என்று சொல்கிறோம்.

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து போர்ட் பிளேர் விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் சுமார் 1,370 கிலோமீட்டர். கொல்கத்தாவிலிருந்து போர்ட் பிளேருக்குச் சுமார் 1,300 கிலோமீட்டர். சென்னையைவிடக் கொல்கத்தா கொஞ்சம் பக்கம்.

கப்பல்காரர்களும் விமானிகளும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். அதாவது ஒரு கிலோமீட்டரைவிடக் கொஞ்சம் குறைய இரண்டு மடங்கு. 1,370 கிலோமீட்டரைக் கடல் மைலில் சொன்னால் சுமார் 740.

ஆகவே ஒருவர் 1,370 என்கிறார், ஒருவர் 740 என்கிறார் என்றால் குழம்ப வேண்டாம். "எந்த அளவில் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். துணியை மீட்டரில் அளந்தாலும் கெஜத்தில் அளந்தாலும் துணி அதே துணிதான்.

கப்பலுக்கு ஏன் மூன்று நாள்?

கப்பலின் வேகத்தை "நாட்" என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் போனால் அது ஒரு நாட்.

ஒரு பயணிகள் கப்பல் 12 நாட் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர். சைக்கிளை நன்றாக அழுத்தி மிதிப்பவரின் வேகம் இது.

நேரம் எவ்வளவு? தூரத்தை வேகத்தால் வகுக்க வேண்டும். 740ஐ 12ஆல் வகுத்தால் 61 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். இரண்டு பகல், இரண்டு இரவு, அதற்கு மேலும் பாதி நாள். கப்பல் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் மூன்று நாள். "மூன்று நாள்" என்று பெரியவர்கள் சொல்வது சரிதான்.

ஆனால் கப்பல் தினமும் கிடையாது. சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய மூன்று துறைமுகங்களிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல் விடுகிறார்கள். மாதத்தில் சில நாட்கள்தான் புறப்படும். இன்று கப்பல் போய்விட்டால் அடுத்த கப்பலுக்குப் பல நாள் காத்திருக்க வேண்டும். புயல் சின்னம் உருவானால் கப்பல் தாமதமாகும். காத்திருக்கும் நாட்களும் பயண நேரம்தான்.

கப்பலில் நன்மையும் உண்டு. கட்டணம் குறைவு. சாமான் அதிகம் கொண்டு போகலாம். பங்க் வகுப்பில் அடுக்குப் படுக்கையில் படுத்துக்கொண்டு போகலாம். தீவுவாசி என்று அடையாள அட்டை உள்ளவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அவசரம் இல்லாத பயணத்துக்கு, பெரிய குடும்பத்துக்கு, கப்பல் இன்றும் கைகொடுக்கிறது.

விமானத்துக்கு எத்தனை மணி?

பயணிகள் விமானம் உயரத்தில் பறக்கும்போது மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர் வேகத்தில் போகும். தரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உயரம். அங்கே காற்று அடர்த்தி குறைவு. அதனால் விமானத்தை இழுத்துப் பிடிக்கும் தடை குறைவு. எரிபொருளும் குறைவாகச் செலவாகும்.

இப்போது அதே கணக்கைப் போடுவோம்.

தூரம்: 1,370 கிலோமீட்டர்.
வேகம்: மணிக்கு 800 கிலோமீட்டர்.
1,370ஐ 800ஆல் வகுத்தால் 1.71 மணி.
அதாவது ஒரு மணி 43 நிமிடம்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். டிக்கெட்டில் இரண்டு மணி 10 நிமிடம், இரண்டு மணி 20 நிமிடம் என்றெல்லாம் போட்டிருக்கிறதே? மீதி அரை மணி நேரம் எங்கே போயிற்று?

விமானம் எடுத்த எடுப்பில் 800 கிலோமீட்டர் வேகத்தில் போகாது. நிற்கும் இடத்திலிருந்து மெதுவாக உருண்டு ஓடுபாதைக்கு வர வேண்டும். முன்னால் வேறு விமானங்கள் இருந்தால் வரிசையில் நிற்க வேண்டும். பிறகு ஓடி மேலே எழும்ப வேண்டும். 10 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற ஏறக்குறைய 20, 25 நிமிடம் ஆகும். ஏறும்போது வேகம் குறைவு. இறங்கும்போதும் அப்படித்தான். இறங்கிய பிறகு மறுபடி மெதுவாக உருண்டு வந்து நிற்க வேண்டும்.

டிக்கெட்டில் போடும் நேரம் இது எல்லாவற்றையும் சேர்த்தது. புறப்படும் நேரம் என்றால் சக்கரம் நகரத் தொடங்கும் நேரம். வந்து சேரும் நேரம் என்றால் விமானம் வந்து நிற்கும் நேரம். பஸ்சும் இப்படித்தானே? பஸ் நிலையத்திலிருந்து வெளியே வந்து பெரிய சாலையைப் பிடிக்கவே அரை மணி ஆகிவிடுகிறது.

காற்று உதவும், காற்று தடுக்கும்

ஆற்றில் பரிசல் ஓட்டுபவருக்கு இது தெரியும். நீர் ஓடும் திசையில் போனால் சீக்கிரம் போகலாம். எதிர்த்துப் போனால் நேரம் ஆகும். ஆகாயத்தில் காற்று ஓர் ஆறு மாதிரி ஓடுகிறது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று எதிரே வீசினால் 800 என்பது 750 ஆகிவிடும். அப்போது 1,370 கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி 50 நிமிடம் ஆகும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 800 என்பது 850 ஆகும். ஒரு மணி 37 நிமிடம் போதும். போவதற்கும் வருவதற்கும் 13 நிமிடம் வித்தியாசம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தரையில் தென்மேற்குக் காற்று வீசும். ஆனால் மிக உயரத்தில் அந்த மாதங்களில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். கீழே ஒரு திசை, மேலே வேறு திசை. ஆகவே அந்தச் சமயத்தில் போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு வரும் விமானத்துக்குக் காற்றின் உதவி கிடைக்கும். சென்னையிலிருந்து போகும் விமானத்துக்கு அதே காற்று தடையாகும்.

மழைக்காலத்தில் இன்னொன்றும் நடக்கும். போர்ட் பிளேரில் மேகம் தாழ்ந்து, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் போகும். அப்போது விமானம் சிறிது நேரம் வட்டமடிக்கும். மழை விடவில்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடும். சுற்றிலும் கடல். பக்கத்தில் இறங்க வேறு பெரிய ஊர் இல்லை. இதற்காகவே விமானத்தில் கூடுதல் எரிபொருள் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். விமானம் திரும்பிவிட்டால் கோபம் வரும். ஆனால் அது உயிரைக் காக்க எடுத்த முடிவு.

வாசலிலிருந்து வாசல் வரை

விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். ஆனால் பயணம் விமானத்தில் தொடங்குவதில்லை. வீட்டு வாசலில் தொடங்குகிறது.

போர்ட் பிளேரில் வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருடைய அம்மா ராமநாதபுரத்தில் இருக்கிறார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வருகிறது. உடனே கிளம்புகிறார். எத்தனை மணி நேரத்தில் அம்மாவைப் பார்க்கலாம்?

வீட்டிலிருந்து விமான நிலையம்: அரை மணி.
விமானம் கிளம்பும் முன் அங்கே இருக்க வேண்டியது: இரண்டு மணி.
விமானத்தில்: இரண்டேகால் மணி.
சென்னையில் இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர: முக்கால் மணி.
சென்னையிலிருந்து ராமநாதபுரத்துக்கு பஸ்சில்: சுமார் பத்தரை மணி.
மொத்தம்: 16 மணி.

பஸ்சுக்குக் காத்திருக்கும் நேரம் இதில் சேரவில்லை. இந்த 16 மணியில் ஆகாயத்தில் போன நேரம் ஏழில் ஒரு பங்குதான். கடலைத் தாண்ட இரண்டேகால் மணி. தரையில் போகப் பத்தரை மணி!

இதே பெண் கப்பலில் வந்தால்? கப்பலில் மட்டும் 60 மணி நேரத்துக்கு மேல். பிறகு பஸ். அதுவும் கப்பல் அன்றே கிளம்பினால்தான்.

இப்படி வாசலிலிருந்து வாசல் வரை கணக்குப் போட்டால் எங்கே நேரத்தைக் குறைக்கலாம் என்பது தெரியும். சென்னையில் மதியம் இறங்கினால் ராத்திரி ரயிலைப் பிடிக்கலாம். சென்னையில் இறங்கி மதுரைக்கு இன்னொரு விமானம் பிடித்தால் பஸ் பயணம் மூன்று மணி அளவில் முடிந்துவிடும். செலவு கூடும். எது முக்கியம் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கணக்குத் தெரிந்து முடிவு செய்யலாம்.

போர்ட் பிளேரில் இல்லாதவர்களுக்கு?

அந்தமான் நிக்கோபார் என்றால் ஒரு ஊர் இல்லை. வடக்கிலிருந்து தெற்கே 700 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் தீவுக்கூட்டம். தெற்குக் கோடியில் பெரிய நிக்கோபார் தீவு. அங்கே கேம்பல் பே என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து போர்ட் பிளேருக்கு நேர்த் தூரமே 500 கிலோமீட்டருக்கு மேல்.

கேம்பல் பேயில் இருப்பவர் சென்னைக்கு வர முதலில் போர்ட் பிளேருக்கு வர வேண்டும். தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பல் வழியில் வேறு தீவுகளிலும் நிற்கும். ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். ஆகவே அவருக்கு 500 கிலோமீட்டர்தான் பெரிய தூரம். அதற்குப் பிறகு வரும் 1,370 கிலோமீட்டர் சின்னத் தூரம்.

தீவுகளுக்கு இடையே ஹெலிகாப்டரும் பறக்கிறது. ஆனால் அதில் சில பேருக்குத்தான் இடம். நோயாளிகளுக்கு முதலிடம் கொடுப்பார்கள். கச்சாலில் இருப்பவர், கேம்பல் பேயில் இருப்பவர், போர்ட் பிளேரில் இருப்பவர் எல்லோரும் "அந்தமான்காரர்" என்றுதான் பெயர். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக அவர்களுக்கு ஆகும் நேரம் ஒன்றல்ல.

கடிகாரம் ஒன்று, சூரியன் வேறு

சென்னையில் ஜூன் மாதம் சூரியன் 5.40 மணி வாக்கில் உதிக்கும். போர்ட் பிளேரில் 5 மணிக்கு முன்பே உதித்துவிடும். மாலையில் சென்னையில் 6.35 வரை வெளிச்சம் இருக்கும். போர்ட் பிளேரில் 5.40க்கே சூரியன் மறைந்துவிடும்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. அதனால் கிழக்கே இருக்கும் ஊருக்கு முதலில் விடியும். பூமியைச் சுற்றி 360 பாகைகள். பூமி ஒரு முறை சுற்ற 24 மணி. அப்படியானால் ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். போர்ட் பிளேர் சென்னையிலிருந்து சுமார் பன்னிரண்டரைப் பாகை கிழக்கே இருக்கிறது. பன்னிரண்டரையை நான்கால் பெருக்கினால் 50. ஆகவே சுமார் 50 நிமிடம் முன்னால் விடிகிறது.

சூரியன் இப்படி இருந்தாலும் கடிகாரம் மாறாது. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம்தான். அதனால் சென்னை – அந்தமான் டிக்கெட்டில் நேரக் கணக்கு எளிது. சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்தால் பயண நேரம் கிடைக்கும்.

வெளிநாட்டுப் பயணத்தில் இது சரிவராது. சிங்கப்பூர் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. சென்னையில் காலை 10 மணிக்குக் கிளம்பி நான்கு மணி நேரம் பறந்தால் அங்கே மதியம் 2 மணி இருக்காது. மாலை 4.30 மணி என்று காட்டும். டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள்.

டிக்கெட்டைப் படிப்போம்

விமான டிக்கெட் பார்க்கக் கடினமாக இருக்கும். ஆனால் சில இடங்களை மட்டும் கவனித்தால் போதும்.

1. ஊர்: ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்று ஆங்கில எழுத்தில் குறியீடு உண்டு. சென்னைக்கு எம், ஏ, ஏ. போர்ட் பிளேருக்கு ஐ, எக்ஸ், இசட். பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் இந்த எழுத்துகள்தான் இருக்கும். பெட்டியைக் கொடுக்கும்போது போகும் ஊரின் எழுத்து சரியா என்று பாருங்கள்.

2. நேரம்: டிக்கெட்டில் காலை, மாலை என்று பிரித்திருக்காது. 24 மணிக் கணக்கு. 13 என்றால் மதியம் ஒரு மணி. 18 என்றால் மாலை 6 மணி. 12க்கு மேல் இருந்தால் 12ஐக் கழியுங்கள்.

3. தேதி: நள்ளிரவு 12 மணிக்குத் தேதி மாறிவிடும். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.30 மணி என்று இருந்தால், 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

4. பெயர்: டிக்கெட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும்.

5. கவுண்டர் மூடும் நேரம்: பொதுவாக விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிடுவார்கள். பஸ் மாதிரி ஓடிப் போய் ஏற முடியாது.

நோயாளியை அழைத்துப் போவதானால் விமானக் கம்பெனிக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். படுத்தபடி போக வேண்டியவருக்குத் தனி ஏற்பாடு தேவை. பிரசவ காலம் நெருங்கிய பெண்களிடமும் டாக்டர் சான்று கேட்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போதே சான்றை வாங்கிக்கொள்வது நல்லது.

கட்டணம் தூரத்தைப் பார்ப்பதில்லை

பஸ்சில் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம். கிலோமீட்டர் கூடினால் காசு கூடும். விமானத்தில் அப்படி இல்லை. அதே விமானம், அதே இருக்கை. ஆனால் இன்று ஒரு விலை, நாளை ஒரு விலை. கேட்பவர்கள் அதிகமானால் விலை ஏறும். பள்ளி விடுமுறை, பொங்கல், தீபாவளி சமயத்தில் ஏறும். கடைசி நேரத்தில் வாங்கினால் பெரும்பாலும் ஏறும். மல்லிகைப்பூ முகூர்த்த நாளில் விலை ஏறுவது போலத்தான்.

ஆகவே நாள் தெரிந்த பயணத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்குங்கள். முகவர் மூலம் வாங்கினால் டிக்கெட்டில் அச்சிட்ட தொகையைப் படித்துப் பாருங்கள். வேறு இரண்டு இடத்தில் விலை கேட்டுப் பாருங்கள்.

உயிர் காக்கும் கணக்கு

தூரம், வேகம், நேரம் என்ற கணக்கு டிக்கெட்டுக்கு மட்டும் உதவுவதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணிக்கு இந்தோனேசியாவின் சுமத்ரா தீவை ஒட்டிக் கடலுக்கு அடியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. சுனாமி அலை கிளம்பியது. ஆழ்கடலில் அந்த அலையின் வேகம் மணிக்கு 700, 800 கிலோமீட்டர். கிட்டத்தட்ட விமானத்தின் வேகம்.

நிக்கோபார் தீவுகள் மிகவும் பக்கம். சில நிமிடங்களில் அலை அங்கே ஏறியது. கார் நிக்கோபாரிலும் கச்சாலிலும் ஏராளமானோர் இறந்தார்கள். ஆனால் அந்த அலை சென்னைக் கரைக்கு வரச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டரை மணி நேரத்தில் கடற்கரையில் இருந்தவர்களை மேட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் அன்று எச்சரிக்கை சொல்ல ஏற்பாடு இல்லை. கடற்கரையில் நடந்தவர்களும் வலை உலர்த்தியவர்களும் ஒன்றும் அறியாமல் இருந்தார்கள்.

2007ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. நிலநடுக்கம் எங்கே வந்தது, கரை எவ்வளவு தூரம், அலை எவ்வளவு வேகம், எத்தனை மணிக்கு எந்தக் கரைக்கு வரும் என்று அங்கே கணக்குப் போடுகிறார்கள். 740ஐ 12ஆல் வகுத்தோமே, அதே வகைக் கணக்குதான்.

நிக்கோபாரில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை வரும்வரை நேரம் இருக்காது. நில அதிர்ச்சி பலமாக இருந்தால், கடல் திடீரென்று உள்வாங்கினால், உடனே மேட்டுக்கு ஓட வேண்டும். தூரம் குறைந்தால் நேரமும் குறைவு.

ஆகவே இனி யாராவது "பக்கம்தான்" என்றோ "ரொம்ப தூரம்" என்றோ சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை கிலோமீட்டர்? வாசலிலிருந்து வாசலுக்கு எத்தனை மணி நேரம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1. கொல்கத்தாவிலிருந்து போர்ட் பிளேர் 1,300 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் எவ்வளவு நேரம்?

2. விமானம் 13.50க்குக் கிளம்பி 16.05க்குச் சேர்கிறது. பயண நேரம் என்ன? கிளம்பும் நேரம் மதியம் எத்தனை மணி?

3. கப்பல் 12 நாட் வேகத்துக்குப் பதில் 10 நாட் வேகத்தில் போகிறது. 740 கடல் மைல் போக எத்தனை மணி?

4. உங்கள் வீட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை கிலோமீட்டர்? வாசலிலிருந்து வாசலுக்கு எவ்வளவு நேரம்? இரவில் எவ்வளவு நேரம்? எழுதி வைத்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

விடைகள்: 1. சுமார் ஒரு மணி 38 நிமிடம். 2. இரண்டு மணி 15 நிமிடம், மதியம் 1.50. 3. 74 மணி. 4. இதற்கு விடை உங்களிடம்தான் இருக்கிறது.